ஐந்து ஊர் விலை தெரிந்தவள்

"அங்க என்ன வெல?" என்று கேட்ட பிறகுதான் வாசிதி "நல்லா இருக்கியா?" என்று கேட்பாள். காலை ஏழேகால் மணிக்குச் சுவா நகரப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக அவள் பேசுவது மொத்த வண்டிக்கும் கேட்கும். அந்தப் பக்கம் ஆக்லாந்தில் அவள் சின்னம்மா மகள் கெலெரா. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. வேலைக்குப் போகும் வழியில் மூன்று பழைய கார் கடைகள் இருப்பது அந்தப் பெண்ணின் தலையெழுத்து. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலையை நடந்துகொண்டே படித்து ஒப்பிக்க வேண்டும்.

"வெள்ள ஹைபிரிட்டு பதினாலாயிரத்துத் தொள்ளாயிரம்க்கா. நேத்து வெலதான். பக்கத்துல நிக்குற கரண்டு வண்டி ஒம்பதுக்கு வந்துருச்சு. எவனும் கிட்டயே போறதில்ல."

"ஒம்பதா? நேத்து பத்துன்ன?"

"நேத்து பத்துதான். இன்னைக்கு ஒம்பது."

வாசிதி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, முன்னால் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத மனிதரிடம் "ஆக்லாந்துல கரண்டு வண்டி ஒம்பதுக்கு வந்துருச்சாம்" என்பாள். அவரும் ஏதோ தன் வீட்டில் மழை ஒழுகுகிறது என்று கேட்டவர்போல முகத்தை வைத்துக்கொண்டு "அடக் கடவுளே" என்பார். அந்தத் தடத்தில் தினமும் போகிறவர்களுக்கெல்லாம் ஆக்லாந்து நிலவரம் அத்துப்படி. ஓட்டுநர்கூட, பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக் கேட்டுக்கொள்வார்.

அடுத்த அழைப்பு பிரிஸ்பேனுக்கு. அங்கே அண்ணன் மகன் சாமு, இறைச்சித் தொழிற்சாலையில் இருக்கிறான். அவனுக்குப் புது வண்டிகளின் மீதுதான் கண். "அத்த, இங்க புத்தம்புதுக் கரண்டு வண்டியே முப்பதாயிரத்துக்குள்ள கெடைக்குது. சீனாக்காரன் கப்பல் கப்பலா எறக்குறான்" என்று அவன் ஆரம்பித்தால், "புதுப் பேச்சு எங்கிட்ட வேணாம். புதுசு வாங்குற மூஞ்சியா நம்ம மூஞ்சி? ஓடுன வண்டி வெல சொல்லு" என்று வெட்டிவிடுவாள். பிறகு ஆப்பியாவில் கப்பல் சரக்கு எழுதும் ஒரு சமோவாக்காரர். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனால் இலக்கம் மட்டும் தடுமாறாமல் வரும். பேருந்து வாலு பே துறைமுகத் தெருவில் நிற்பதற்குள் ஆக்லாந்து, பிரிஸ்பேன், ஆப்பியா மூன்றும் முடிந்துவிடும். சுவா விலை அவளுக்கே தெரியும். மிச்சம் யோக்கோஹாமா. அது மதியத்துக்கு.

டயர் கடையின் மாடியில் ஒற்றை அறைதான் அவள் அலுவலகம். மரப் படிக்கட்டு ஏறும்போதே ரப்பர் வாசனையும் அவள் வறுக்கும் டின் மீன் வாசனையும் ஒன்றாக வரும். இரண்டு கணினித் திரை, ஒரு மேசை விசிறி, வருகிறவர்கள் உட்காரத் தரையில் பாய். வாசிதி கனத்த பெண்மணி. பூப்போட்ட நீளச் சட்டையும் அதன் கீழே பாவாடையும் கட்டி, செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருப்பாள். தலைமுடி வட்டமாகக் கூடைபோல் நிற்கும். அதற்குள் எப்போதும் மூன்று பேனா செருகியிருக்கும். நான்காவது பேனாவைத் தேடி அறையையே புரட்டிப் போடுவாள். மூக்குக் கண்ணாடியை மீன்பிடிக்கும் நரம்பில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பாள்.

அவள் தொழில், ஜப்பான் ஏலத்தில் பழைய கார் எடுத்துக் கொடுப்பது. ஆள் வந்து இன்ன வண்டி வேண்டும் என்று சொல்லிப் பணம் கட்டினால், ஏலம் நடக்கும் நாளில் திரைமுன் உட்கார்ந்து கேட்டு வாங்கிக் கப்பலேற்றிவிடுவாள். கூலி ஒரே அளவு. வண்டி மலிவாக வந்தாலும் கூடுதலாக வந்தாலும் அவளுக்குக் கிடைப்பது மாறாது. பதினோரு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் வண்டிகள் அவள் விரலால் இந்தத் தீவுகளுக்கு வந்திருக்கின்றன. ஒன்றைக்கூட அவள் ஓட்டியதில்லை. "நான் ஓட்டுனா நாலு பேரு சாவான்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள் உண்டு. வண்டியின் படம் போட்டு, எங்கே கீறல், எங்கே நசுங்கல், எங்கே மறு சாயம் என்று அங்கே இருக்கும் பரிசோதகர் கையால் குறித்திருப்பார். வாசிதிக்கு ஜப்பான் மொழி சுத்தமாகத் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் வரும் நாற்பது எழுத்தும் அவளுக்கு அத்துப்படி. அதைவிட, எழுதியது யார் என்று கையெழுத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஒருவர் எல்லா வண்டிக்கும் தாராளமாக மதிப்பெண் போடுவார். அவருக்கு "சோம்பேறி" என்று பெயர். இன்னொருவர் மூன்று என்ற இலக்கத்துக்கு வால் வைத்து எழுதுவார். நகக்கீறலைக்கூட விடமாட்டார். அவருக்குப் பெயர் "எங்க வீட்டுக்காரர்".

"எங்க வீட்டுக்காரரு பாத்த வண்டி. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்பாள். முகம் பார்த்ததில்லை, பெயர் தெரியாது. அவர் இரண்டு மாதம் எதையும் எழுதாமல் இருந்தபோது வாசிதி உண்மையிலேயே கவலைப்பட்டாள். வால் வைத்த மூன்று மறுபடி திரையில் வந்த நாளில் டயர் கடைப் பையன்களுக்கெல்லாம் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள்.

நிறம் கேட்டு வருகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "செவப்பா இருக்கணும்" என்று ஆரம்பித்தால், "லிப்ஸ்டிக் வாங்க வந்தீங்களா?" என்பாள். விலை கேட்டு வருகிறவர்கள் என்றால் கொள்ளைப் பிரியம். ஒரே வண்டிக்கு ஏன் ஐந்து ஊரில் ஐந்து விலை என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு மதியச் சாப்பாடு போச்சு. மேசைமேல் உப்பு டப்பா, மீன் டின், தேநீர்க் குவளை எல்லாவற்றையும் ஊர்களாக வைத்து விளக்க ஆரம்பித்துவிடுவாள்.

"வண்டி ஒண்ணுதான். அது யோக்கோஹாமாவுல நிக்குது. அத நாம மட்டுமா பாக்குறோம்? ஆக்லாந்துக்காரன் பாக்குறான், கொழும்புக்காரன் பாக்குறான், மொம்பாசாக்காரன் பாக்குறான். கொழும்புல அஞ்சு வருசம் எறக்குமதிக் கதவச் சாத்தி வச்சிருந்தாங்க. இப்பத் தொறந்துட்டாங்க. தொறந்ததும் மொத வேலையா என்ன பண்ணான்? ஹைபிரிட்டு மேல வந்து விழுந்தான். அவன் அங்க காசு போட்டா வலி இங்க சுவாவுல. கரண்டு வண்டி கதை வேற. ஆக்லாந்துல கவுருமென்ட்டு சலுக குடுத்துச்சு, அத்தன பேரும் வாங்குனான். சலுகய நிப்பாட்டுச்சு, அத்தன பேரும் நிப்பாட்டிட்டான். இப்ப அது அநாதையா நிக்குது. அள்ளிக்கிட்டு வர வேண்டாமா நாம?"

"அப்படின்னா ஆக்லாந்துலயே வாங்கிரலாமே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதான் அவள் காத்திருப்பாள். "அதுவும் ஜப்பான்லருந்து வந்த வண்டிதான். ரெண்டாவது தடவ கப்பல் கூலி யாரு குடுப்பா, ஒங்கப்பனா?"

இதில் அவளுக்கு ஒரு பித்து உண்டு. தாவெயுனித் தீவுக்கு மின்சாரக் கார் போக வேண்டும். அவள் அம்மா பிறந்த ஊர் அது. ஒரே சாலை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அறுபது கிலோமீட்டர் வந்தால் அதிகம். ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பெட்ரோலோ படகில் வருகிறது, படகு விலைக்கு விற்கிறது. இதைவிட அந்த வண்டிக்குப் பொருத்தமான ஊர் உலகத்திலேயே இல்லை என்று இரண்டு வருடமாகத் தொண்டை கிழியச் சொல்கிறாள். கேட்பார் இல்லை. எல்லாருக்கும் ஹைபிரிட்தான் வேண்டும். "புயல் வந்து கரண்டு போனா?" என்பார்கள். "பெட்ரோல் பங்குல பம்பு எதுல ஓடுது, பாட்டுலயா?" என்பாள். அதற்கும் சிரித்துவிட்டு ஹைபிரிட்டுக்கே பணம் கட்டுவார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தாவெயுனியிலிருந்து எமோசி வந்தான். வாசிதியின் தாய்மாமன் மகன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, நாற்பத்து நாலு. முறை இருப்பதால் வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்ள இரண்டு பேருக்கும் உரிமை உண்டு. அவன் வலது முழங்கால் இளம் வயதில் ரக்பி ஆடியதில் கெட்டது. இப்போது மலைச் சரிவில் ஏறி நிற்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. ஊரே இடித்துக் கரைத்துக் குடிக்கும் யாங்கோனா வேர் விளையும் இடமே அந்தச் சரிவுதான். நாலு வருடம் புயலுக்குத் தப்பிய வேரை மொத்தமாகத் தோண்டி விற்றுவிட்டான். இனி நட முடியாது. அந்தப் பணத்துக்கு ஒரு கார் வாங்கி, படகுத் துறைக்கும் ஊர்களுக்கும் டாக்சி ஓட்டிப் பிழைக்க வேண்டும். வண்டி தப்பாக அமைந்தால் நாலு வருட உழைப்பும் போச்சு, அடுத்த நாலு வருடத்துக்கு முழங்காலும் இல்லை.

கூட அவன் சித்தப்பா அமினியாசி வந்திருந்தார். வாசிதிக்குத் தாய்மாமன். ஊர்ச் சபையில் பிரசங்கம் செய்கிறவர். இந்த வெயிலிலும் கழுத்துப் பட்டை கட்டியிருந்தார்.

"ஏ புள்ள, இன்னும் ஒன்ன எவனும் தூக்கிட்டுப் போகலையா?" என்றபடி எமோசி பாயில் காலை நீட்டினான்.

"நீ வருவன்னு காத்திருந்தேன் மச்சான். முடியெல்லாம் எங்க விட்டுட்டு வந்த? படகுலயா?"

அன்றைய ஏலத்தில் அவனுக்காக இரண்டு வண்டி குறித்து வைத்திருந்தாள். ஒன்று வெள்ளை ஹைபிரிட். அவன் கேட்டது. இன்னொன்று நீல நிற மின்சாரக் கார். அவன் கேட்காதது. ஹைபிரிட் போய்ப் பதினேழாவதாக அது வரும். எமோசி நீலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹைபிரிட்டு. ஆறு லட்சத்து அம்பதாயிரம் யென் வரைக்கும் போ. ஊருல அத்தன பேரும் அதத்தான் ஓட்டுறான். ரிப்பேரு ஆனா பத்துப் பேரு பாப்பான். ஒன்னோட கரண்டு வண்டிய வச்சுக்கிட்டு நான் ஊருக்கு வேடிக்க காட்டவா?"

"ஆறரைக்கு ஹைபிரிட்டு வராது மச்சான்."

"நீ கேளு. வரும்."

யோக்கோஹாமாவில் காலை பத்து என்றால் சுவாவில் மதியம் ஒன்று. அதற்கு அரைமணி முன்பே ஜெபம் செய்து முடித்துவிட்டுத்தான் வாசிதி திரைமுன் உட்காருவாள். எந்தக் காரியமானாலும் அந்த ஊரில் ஜெபம் இல்லாமல் தொடங்குவதில்லை. ஆனால் அன்றைக்குச் சித்தப்பாவும் எமோசியும் சாப்பிடப் போன இடத்தில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. ஹைபிரிட்டுக்கு முன்னால் பன்னிரண்டு வண்டிதான் பாக்கி. ஒரு வண்டிக்குக் கால் நிமிடம்.

"ஜெபம் பண்ணாம எப்படிம்மா?" என்றார் அமினியாசி.

"பண்ணுங்க மாமா. கொஞ்சம் சுருக்கமா."

பிரசங்கம் செய்கிறவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்து நின்று பட்டையைச் சரிசெய்தார். மூன்று பேரும் தலை குனிந்தார்கள். அவர் மண்ணுக்கு நன்றி சொன்னார், கடலுக்கு நன்றி சொன்னார். நாட்டை ஆளுகிறவர்களையும், தாவெயுனியின் தலைவர்களையும், படகின் மாலுமியையும், அவன் மனைவி பிள்ளைகளையும் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்தார். தூரதேசத்தில் அமைதிப் படையில் நிற்கும் பிள்ளைகளுக்காக வேண்டினார். ரக்பி அணியின் முழங்கால்களுக்காகத் தனியாக வேண்டினார். ஒவ்வொரு வண்டி முடியும்போதும் கணினி 'டிங்' என்றது. வாசிதி கண்ணை மூடியபடியே எண்ணினாள். ஒன்பது. பத்து. அவர் ஜப்பானுக்கே இன்னும் வந்து சேரவில்லை.

பன்னிரண்டாவது 'டிங்' கேட்டது. ஜெபத்தின் நடுவில் கையை நீட்டி, விலை கேட்க ஸ்பேஸ் பாரைத் தட்டுவதை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. ஆனால் இடது கண் மட்டும் தானாகத் திறந்துகொண்டது. வெள்ளை ஹைபிரிட் திரையில் நின்றது. ஐந்து லட்சம் என்று கண்ணில் பட்டது. மூச்சு விடுவதற்குள் ஆறரை. ஏழு. ஏழு எழுபது. எட்டு இருபது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமென்" என்றபோது திரையில் வேறு ஏதோ பச்சை வண்டி நின்றது.

எமோசி எழுந்துவிட்டான். "எங்க? எங்க புள்ள என் வண்டி?"

"போயிருச்சு மச்சான்."

"போயிருச்சா? யாரும் கேக்காமயே போயிருச்சா?" அவன் முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு வருசமா கரண்டு வண்டி, கரண்டு வண்டின்னு ஒத்தக் கால்ல நிக்குற. எனக்குத் தெரியாதா? வேணும்னே விட்டுட்ட."

"அது ஒன் கைக்கு எட்டாத வெலைக்குப் போச்சு."

"ஒனக்கு எப்படித் தெரியும்? கண்ண மூடிக்கிட்டுத்தான இருந்த?"

ஏலம் போன விலைப் பட்டியல் சாயங்காலம்தான் வரும். அதுவரை அவன் நம்புவதற்கு ஒரே வழி, கண்ணைத் திறந்து பார்த்தேன் என்று சொல்வது. ஜெபம் செய்த தாய்மாமன் எதிரிலேயே நிற்கிறார். அவர் உருகி உருகி வேண்டிக்கொண்டிருந்தபோது நான் கார் விலை பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் ஏமாற்றுக்காரி. நானூறு வண்டி எடுத்துக் கொடுத்தும் அவளை ஒருவரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவும் மாமன் மகன் சொன்னது நெஞ்சில் குத்தியது. கூந்தலிலிருந்து ஒரு பேனாவை உருவினாள். அதையே திரும்பச் செருகினாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

'டிங்' என்றது. இன்னொரு 'டிங்'.

அமினியாசி தொண்டையைச் செருமினார். "எட்டு லட்சத்து முப்பதாயிரம்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"எட்டு முப்பதுக்குப் போச்சுடா. கடைசில ரெண்டு பேரு முட்டிக்கிட்டானுங்க."

"சித்தப்பா!"

"என்னடா சித்தப்பா? கண்ண மூடிக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணணும்னு வேதத்துல எங்க எழுதியிருக்கு? நீ காட்டு, நான் பிரசங்கத்த விட்டுர்றேன்."

வாசிதி முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எமோசி பதறி ஓரடி கிட்ட வந்தான். கையை எடுத்தபோது சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. "மாமா, நான் எட்டு இருபதுலயே மூடிட்டேன் மாமா!"

"பத்தாயிரத்த விட்டுட்டியே பொண்ணே" என்றார் அமினியாசி.

எமோசி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தான். "அப்ப இங்க கண்ண மூடிக்கிட்டு இருந்த கிறுக்கன் நான் ஒருத்தன்தானா?"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கீழே டயர் கடையில் வேலை நின்றது. யாரோ படிக்கட்டில் பாதி ஏறி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எமோசி சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னத மனசுல வச்சுக்காத புள்ள" என்றான். பிறகு திரையைப் பார்த்தான். "அந்த நீல வண்டிக்கு இன்னும் எத்தன இருக்கு?"

"எட்டு. ரெண்டு நிமிசம்."

"பொய் சொல்லாமச் சொல்லு. கோடிக்குக் கோடி போயி வருமா?"

"போயி வந்து மிச்சமும் இருக்கும். பேட்டரி பன்னண்டு கட்டத்துல பதினொண்ணு நிக்குது. எங்க வீட்டுக்காரரு எழுதுன தாளு. வாலு பாரு."

"வித்தா?"

"விக்க முடியாது. அத மறைக்க மாட்டேன். தாவெயுனில அத வாங்குறவன் இன்னும் பொறக்கல."

'டிங்'.

"ரிப்பேரு ஆனா?"

"சுவாவுல ரெண்டு பேரு பாக்குறாங்க. அங்க ஒருத்தனும் இல்ல. நீதான் மொத ஆளு."

"அப்புறம் எதுக்குப் புள்ள வாங்கச் சொல்ற?"

"டாக்சி ஓட்டுறவன் எங்க சாகுறான்? பெட்ரோல்ல சாகுறான். படகுல வர்ற பெட்ரோல்ல இன்னும் சாகுறான். நீ ஆத்துத் தண்ணியில ஓட்டப்போற மச்சான். இன்னைக்கு இந்த வண்டிய ஆக்லாந்துல சீந்துறவன் இல்ல, கொழும்புக்காரன் ஹைபிரிட்டப் பாத்துக்கிட்டு இருக்கான். எல்லாரும் வேற பக்கம் திரும்பியிருக்கான். ஆறு மாசம் கழிச்சு இப்படி இருக்குமா? எனக்குத் தெரியாது."

'டிங்'. 'டிங்'.

எமோசி குனிந்து தன் முழங்காலைப் பிடித்துப் பார்த்தான். அமினியாசி வாயைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ மூடிக்கொண்டார்.

"ஆறு லட்சம்" என்றான். "மிச்சத்துல சார்ஜ் போட வீட்டுக்கு ஒயர் இழுக்கணும், கப்பல் கூலி, வரி இருக்கு. ஆறுக்கு மேல போனா என்னால முடியாது."

"இப்ப சொன்னதுதான் பேச்சு மச்சான். நடுவுல கத்துனா எனக்குக் காது கேக்காது. எல்லாரும் கத்துவாங்க. நான் கேக்க மாட்டேன்."

"செட்" என்று எமோசி ஒப்புக்கொண்டான்.

நீல வண்டி வந்தது. மூன்று இருபதில் தொடங்கியது. வாசிதி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வலது கையின் நடுவிரலை ஸ்பேஸ் பாரில் வைத்தாள். ஒரு தட்டுக்கு ஐயாயிரம். தட்டினாள். எதிரே யார் என்று தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. நாலு லட்சத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நாலு எழுபதில் ஒருவர் கழன்றுகொண்டார். ஐந்து நாற்பதில் இன்னொருவர். மிச்சம் ஒருவர். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அவள் தட்டிய மறுகணம் தட்டினார்.

"ஓய்லே!" என்று பதறி அமினியாசி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து எழுபது. ஐந்து எழுபத்தைந்து. எமோசி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான், கெட்டது எந்தக் கால் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஐந்து எண்பது. எண்பத்தைந்து. வாசிதி தொண்ணூறு தட்டினாள். எதிராளி தொண்ணூற்றைந்து. வாசிதி ஆறு லட்சம்.

திரை நின்றது. விலைக்கு மேலே, கடைசியாகக் கேட்டது அவள்தான் என்று காட்டும் விளக்கு எரிந்தது. எதிராளி யோசிக்கிறார்.

"அவன் போடுவான்! போட்டா நீயும் போடு!" எமோசி அலறினான். "ஆறு பத்து போ! ஆறு இருபது போ! கப்பல் கூலிக்கு நான் எங்கயாவது பொரட்டிக்கிறேன் புள்ள. விட்டுறாத, வாசிதி, விட்டுறாத!"

வாசிதி ஸ்பேஸ் பாரிலிருந்து விரலை எடுத்தாள். உடம்பை லேசாக எழுப்பி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் முழுக் கனத்தோடு உட்கார்ந்தாள். கண் திரையில் இருந்தது. ஒரு வினாடி. இரண்டு. எமோசி அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்று.

'டிங்'.

விளக்கு பச்சையானது. விலை ஆறு லட்சம். அமினியாசி போட்ட கூச்சலில் கீழே யாரோ டயரைக் கைநழுவ விட்டார்கள். அது தெருவில் உருண்டு ஓட, இரண்டு பேர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்கள். எமோசி சித்தப்பாவைத் தூக்கிவிட்டான், இறக்கினான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்றான், மறுபடி சிரித்தான். பிறகு வந்து வாசிதியின் முன்னால் கை நீட்டினான்.

"குடு புள்ள கைய."

"இரு மச்சான், இதுங்க மொதல்ல அடங்கட்டும்" என்றாள் அவள். இரண்டு கைகளும் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன.